குடவோலையும் ஏரியும்: உத்திரமேரூர் வட்டாரத்தை எப்படிப் பார்ப்பது?

சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் சுற்றுலாவுக்கு வழக்கமான தடம் ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பிக் காஞ்சிபுரம், பனிக்காலமானால் வேடந்தாங்கல். இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கிறது உத்திரமேரூர் வட்டாரம். ஒரே ஒரு கல்வெட்டின் பெயரால்தான் வெளியுலகம் அதை அறியும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டபின் அந்தப் பெயர் இன்னும் பரவியது. ஆனாலும் வருகிறவர்களில் பலர் அந்தக் கல்வெட்டு உள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரின் எழுத்துகளைப் படமெடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரமும் வேடந்தாங்கலும் அதனோடு போயின. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கோயில்களையும் நீர்நிலைகளையும் கடலோரச் சுற்றுலாவின் உபரி இடங்களாக எண்ணும் பழக்கம் இதனால் மேலும் வலுப்பட்டிருக்கிறது. இந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்குள்ள புனிதத் தலங்களும் பறவைகள் வரும் ஏரிகளும் ஒரே நீரமைப்பின் உறுப்புகள். அவற்றைத் தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்துப் பார்த்தால் அவற்றின் பொருளும் விளங்காது, பாதுகாப்பும் கிட்டாது.

முதல் சான்று அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 அளவில், உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தின் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்துச் சுவரில் பொறித்தது. குடும்புகள் என்னும் முப்பது ஊர்ப் பிரிவுகள், ஓலையில் பெயர், குடத்தில் இடுதல், சிறுவன் கையால் எடுத்தல், கணக்குக் காட்டாதவருக்குத் தகுதியின்மை ஆகியவை அடங்கிய இந்தக் குடவோலை முறை பள்ளிப் பாடநூல் வழியே நமக்குத் தெரிந்ததே. அந்த வாரியங்கள் எதற்காக இருந்தன என்பதை மட்டும் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று கல்வெட்டு பிரிக்கிறது. இதில் ஒரு விதி ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஆண்டு முழுமைக்கும் பொறுப்பான சம்வத்சர வாரியத்துக்கு, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுக்க வேண்டும் என்பது சபையின் தீர்மானம். ஏரிக்கரையைக் கவனித்த அனுபவம் ஊரின் உயர்ந்த பொறுப்புக்கு ஒரு தகுதியாக எண்ணப்பட்டது. தேர்தல் முறையைப் போற்றுகிற நாம் அது எந்த வேலைக்கான தேர்தல் என்று கேட்டால், விடையின் பெரும் பகுதி நீரையும் நிலத்தையும் பற்றியதாகவே இருக்கும்.

அந்த ஏரிக்கும் பெயர் உண்டு. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் 8-ஆம் நூற்றாண்டில் நிறுவிய இந்தச் சதுர்வேதிமங்கலத்தின் பெரிய ஏரியைக் கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் என்கின்றன. வயிரமேகன் என்பது அவன் மகன் தந்திவர்மனின் விருதுப்பெயர். சுந்தரவரதப் பெருமாள் கோயிலும் அதே பல்லவர் காலத்தது. பெருமாளின் நின்ற கோலத்தைக் கீழ்த்தளத்திலும், இருந்த கோலத்தை நடுத்தளத்திலும், கிடந்த கோலத்தை மேல்தளத்திலும் வைத்து மூன்று அடுக்காக எழுப்பிய கருவறை அது. காஞ்சியில் நந்திவர்மன் எடுத்த பரமேசுவர விண்ணகரத்தின் மூன்றடுக்கு அமைப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970-இல் இவ்வூரின் புராணம், வரலாறு, கட்டடங்கள் மூன்றையும் சேர்த்து ஒரு நூல் முழுக்க ஆராய்ந்தார்கள். இவ்வளவு செறிவான கட்டடக் கலை ஒரு கிராமத்தில் எழுந்ததற்கு வைதிகப் பின்புலமும் அரச ஆதரவும் காரணங்கள். ஆனால் அரசன் நிலத்தைக் கொடுத்தானே ஒழிய, அந்த நிலத்தில் ஆண்டுதோறும் நெல் விளையச் செய்தது ஏரி. தொண்டை நாட்டில் காவிரி போன்ற ஆறு கிடையாது. பாலாறும் செய்யாறும் ஆண்டில் சில வாரங்களே வெள்ளம் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்துத் தை அறுவடை வரை பங்கிட்டுத் தரும் ஏரி இல்லையென்றால், மூன்று நிலைக் கருவறையில் விளக்கெரிக்க நெய்யும் இல்லை, சபை கூட ஊரும் இல்லை.

ஏரி இயங்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்பது நல்லது. மேட்டு நிலத்தில் விழும் மழை வரத்துக்கால் வழியே வந்து, பிறை வடிவில் வளைந்த மண்கரைக்கு முன்னால் தேங்குகிறது. கரையின் அடியில் மதகு. அதைத் திறந்தால் நீர் வாய்க்காலுக்கு இறங்கி ஆயக்கட்டு வயல்களுக்குப் போகிறது. கரையின் ஒரு கோடியில் கலங்கல். ஏரி நிறைந்ததும் மிச்ச நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்கு ஓடும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. எனவே ஒரு ஊரார் தங்கள் கலங்கலை உயர்த்தினால் கீழூரின் வயல் காயும். கரையைக் கவனிக்காமல் விட்டு அது உடைந்தால் கீழூர் மூழ்கும். எந்த ஏரியும் அதன் சொந்த ஊருக்கு மட்டும் உரியதல்ல. உத்திரமேரூர்ப் பகுதி ஏரிகளின் உபரி நீர் மதுராந்தகம் ஏரிக்குச் சென்று, அங்கிருந்து கிளியாறாகப் பாலாற்றில் சேருகிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. மாமல்லபுரத்தை அலங்கரித்த இராசசிம்ம பல்லவனின் வமிசாவளியைச் சொல்லும் தூண் கல்வெட்டு கிடைத்ததும் அந்த வயலூரில்தான். கடலோரமும் உள்நாடும் வெவ்வேறு சுற்றுலாத் தடங்கள் என்று நாம் வகுத்திருக்கிறோம். நீர் அவற்றை ஒன்றாக்கியே வைத்திருக்கிறது.

இந்தப் பார்வையோடு வடக்கே திருமுக்கூடலுக்குப் போனால், அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் வேறு விதமாகத் தெரியும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் அது. ஊரின் பெயரே அந்தக் கூடலால் வந்தது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இக்கோயிலில் இருக்கிறது. வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்கான உணவுச் செலவை அது விவரிக்கிறது. பிறகு வீரசோழன் என்னும் ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, வருகிறது: நோயாளிகளுக்குப் பதினைந்து படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்வோர் ஒருவர், மருந்து மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்டிர் இருவர், ஒரு நாவிதர். இவர்களுக்கான ஊதியம் நெல்லாகவும் காசாகவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. சாலையில் எப்போதும் இருக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பட்டியலும் உண்டு. கடுக்காய் சேர்த்த மருந்துகள், தைலங்கள், நாட்பட்ட பழைய நெய் வரை அதில் வருகின்றன. ஒரு கோயில் சுவர் மருத்துவமனையின் கணக்கேடாகவும் பயன்பட்டிருப்பது நம் கவனத்துக்குரியது. அந்தக் கணக்கின் அளவை நெல் என்பது அதைவிடக் கவனத்துக்குரியது. வயலில் விளைந்த நெல்தான் மாணவனின் சோறாகவும் மருத்துவரின் சம்பளமாகவும் மாறியது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இந்தக் கோயிலை வெறும் சிற்பக் காட்சியாகப் பார்க்கிறவர் இந்தத் தொடர்பைத் தவறவிடுகிறார்.

வழிபாடும் இந்த நீரமைப்பை மறந்ததில்லை. மாட்டுப் பொங்கலை ஒட்டி நடக்கும் பார்வேட்டை உற்சவத்துக்காகக் காஞ்சி வரதராசப் பெருமாள் ஊரை விட்டுப் புறப்பட்டு, பாலாற்றின் வடகரையிலுள்ள பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுகிறார். பின்னர் ஆற்றைக் கடந்து திருமுக்கூடலில் பழையசீவரம், காவாந்தண்டலம், சாலவாக்கம், திருமுக்கூடல் ஊர்ப் பெருமாள்களோடு சேர்ந்து ஐவராகக் காட்சி தருகிறார். ஆற்றின் இரு கரையும் ஒரு நாள் ஒன்றாகும் விழா அது. சித்திரைப் பௌர்ணமியன்று அதே வரதர் காஞ்சிக்குத் தெற்கேயுள்ள அய்யங்கார்குளத்துக்கு வருகிறார். விசயநகரக் காலத்தில் வாழ்ந்த இலட்சுமிகுமார தாதாசாரியாரின் பெயரோடு இணைந்த சஞ்சீவிராயர் கோயிலும் பெரிய ஏரியும் அங்கே உள்ளன. பக்கத்தில் நடவாவிக் கிணறு: தரைமட்டத்துத் தோரண வாயிலிலிருந்து படிகள் பூமிக்குள் இறங்கித் தூண்கள் நிறைந்த மண்டபத்தில் முடிகின்றன, மண்டபத்தின் நடுவே கிணறு. ஆண்டின் பெரும் பகுதி அந்த மண்டபம் தண்ணீருக்குள் இருக்கும். விழாவுக்காக நீரை இறைத்தபின் பெருமாள் படியிறங்கிக் கிணற்றைச் சுற்றி வருகிறார். கோடையின் தொடக்கத்திலும் இறைக்க வேண்டிய அளவுக்கு நிலத்தடியில் நீர் இருக்கும் என்னும் நம்பிக்கையில் வகுக்கப்பட்ட விழா இது. பக்கத்து ஏரி காய்ந்து ஊற்று வற்றினால், தூண்கள் அப்படியே நின்றாலும் விழாவின் உயிர் போய்விடும். தலத்தைக் காப்பது என்றால் கல்லைக் காப்பது என்று சுருக்கிக்கொள்ள முடியாததற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வட்டாரத்தில் இல்லை.

இயற்கைக் காட்சி என்ற வகையில் அடங்கும் இடங்களும் இதே கதையைத்தான் சொல்கின்றன. வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று ஊரார் அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட வந்தவர்களைப் பற்றி அவர்கள் முறையிட்டதால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்று எழுத்தில் ஆணை தந்தார். 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அந்த எல்லையைக் குறைக்கும் யோசனை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2022-இல் வேடந்தாங்கலும், உத்திரமேரூர் செல்லும் பக்கத்திலுள்ள கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இந்த எல்லைச் சண்டையின் அடியில் ஓர் எளிய உண்மை இருக்கிறது: 30 ஹெக்டேர் ஏரியால் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இரை தர முடியாது. அவை கூட்டை வேடந்தாங்கலில் வைத்துக்கொண்டு, இரைக்குச் சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து போகின்றன. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான கிராமத்து ஏரிகள்தான் பெயர் பெற்ற ஒரு சரணாலயத்தைத் தாங்குகின்றன. மாகறல், திருப்புலிவனம் போன்ற தலங்களைச் சுற்றிய வயல்களில் நாரைகள் இறங்குவதை வேடந்தாங்கலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

நம் பாதுகாப்புச் சட்டங்கள் இந்தத் தொடர்பைக் காணும்படி வகுக்கப்படவில்லை. மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வட்டம் போடுகிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள எழுத்து அந்த வட்டத்துக்குள் பத்திரமாக இருக்கும். அந்த எழுத்து பேசும் ஏரியின் வரத்துக்கால் வட்டத்துக்கு வெளியே கிடக்கும். ஏரிகளுக்கென 2007-இல் தமிழ்நாடு இயற்றிய ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்குப் பயன்படுகிறது. கோயில் அறநிலையத் துறைக்கு, கல்வெட்டு தொல்லியல் துறைக்கு, பறவை வனத் துறைக்கு, ஆற்று மணல் கனிமத் துறைக்கு என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. பாலாற்றில் பல்லாண்டுகளாக மணல் அள்ளியதால் ஆற்றுப் படுகையின் நீர் பிடிக்கும் திறன் குறைந்தது. திருமுக்கூடல் சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் பெருகியிருக்கின்றன. குன்று இல்லாமல் போனால் அதன் சரிவில் இறங்கி ஏரிக்கு வந்த நீரின் வழியும் மாறும். பத்தாம் நூற்றாண்டில் ஒரே சபையின் வாரியங்கள் கவனித்ததை இன்று ஐந்து அலுவலகங்கள் ஒன்றையொன்று பாராமல் கவனிக்கின்றன.

இதற்கு எழும் மறுப்புகளில் மிகக் கனமானது சமூக வரலாற்றிலிருந்து வருவது. உத்திரமேரூர்ச் சபை பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், சபை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அதில் இடம். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அப்படிப்பட்ட ஊரை எல்லோருக்கும் பொதுவான மரபு என்று கொண்டாடலாமா? இந்தக் கேள்வி நியாயமானது. குடவோலையை இன்றைய மக்களாட்சியின் மூலம் என்று சொல்லுமிடத்தில் கட்டாயம் கேட்கப்பட வேண்டியது. ஆனால் இதே கேள்வி ஏரியை மையமாக வைப்பதற்கான காரணமாகவும் ஆகிறது. தீர்மானத்தைச் சபையார் எழுதினார்கள்; கரையில் மண் சுமந்தவர்களும் தூர் வாரியவர்களும் மதகில் நின்று நீரைப் பிரித்தவர்களும் வேறு மக்கள். 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஊர்களில் எடுத்த கணக்கெடுப்பையும் ஊர்க் கணக்குச் சுவடிகளையும் ஆராய்ந்தவர்கள், விளைச்சலில் பல்வேறு தொழிலாளருக்கும் ஊர்ப் பொதுப் பணிகளுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். நீர் பாய்ச்சும் கம்புகட்டிக்கு இன்றும் சில ஊர்களில் நெல்லில் கூலி உண்டு. அந்தப் பங்குகள் சமமானவை அல்ல. ஆயினும் சுவரில் பெயர் இல்லாதவர்களின் உழைப்பை ஏரிக்கரையில் காண முடியும். மரபு என்பதைச் சுவரிலிருந்து கரைக்கு விரித்தால், அதற்கு உரிமை கோரும் மக்களின் எண்ணிக்கையும் விரியும்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பங்குனி, சித்திரையில் ஏரி வறண்டு கிடக்கும். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அதனால் ஏரியில் எப்போதும் நீரைத் தேக்கிப் படகு விட்டால் மக்கள் வருவார்கள் என்ற யோசனையும் எழும். இந்த யோசனை ஏரியின் இயல்புக்கு எதிரானது. பாசன ஏரி நிறைவதற்கும் வடிவதற்கும் பருவம் உண்டு. வயலுக்கு நீர் இறங்கினால்தான் ஏரிக்கு வேலை. நீர் வடிந்தபின்தான் தூர் வாரவும் மதகைப் பழுது பார்க்கவும் முடியும். நீர் குறையும்போது சேறு வெளிப்பட்டு நாரைகளுக்கு நத்தையும் மீனும் கிடைக்கின்றன. படகுக்காக நீரைப் பூட்டி வைத்தால் உழவரும் பறவையும் ஒருசேர இழப்பார்கள். வறண்ட ஏரியிலும் பார்க்க நிறைய இருக்கிறது: மதகின் கல் வேலை, கரையின் வளைவு, கலங்கல் கற்களின் வரிசை எல்லாம் அப்போதுதான் முழுதாகத் தெரியும். பயணியின் வசதிக்கு ஏரியை மாற்றுவதற்குப் பதில், ஏரியின் நாட்காட்டிக்குப் பயணத்தை அமைப்பதே முறை. கார்த்திகை முதல் மாசி வரை பறவையும் நிறைந்த நீரும், தையில் பார்வேட்டையும் அறுவடையும், சித்திரையில் நடவாவியும் மதகுகளும் என்று ஆண்டு முழுதும் வருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் ஏரி வெறும் நினைவுச் சின்னம்தானே என்பது மூன்றாவது மறுப்பு. அந்தக் கிணறுகளுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது நிற்காது. ஏரியில் தேங்கும் நீர் ஊறி இறங்குவதால்தான் ஆயக்கட்டுக் கிணறுகளின் மட்டம் உயர்கிறது. ஏரி தூர்ந்த ஊரில் கிணறு ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போகிறது. இன்னும் ஒரு மறுப்பு உண்டு: அதிகம் அறியப்படாத இடங்களை அறிவித்தால் கூட்டமும் குப்பையும் வந்து அவை கெடும் என்பது. அந்த ஆபத்து மெய்யானது. ஆனால் வேடந்தாங்கல் வேறொரு பாடமும் தருகிறது. எல்லையைக் குறைக்க 2020-இல் யோசனை வந்தபோது ஊர் தாண்டியும் எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம், அந்த ஏரியைப் பலர் அறிந்திருந்ததே. யாரும் அறியாத வரத்துக்கால் மறையும்போது கேட்க ஆள் இருப்பதில்லை. எனவே அறிவிப்பதா மறைப்பதா என்பதில் நம் விவாதம் முடிந்துவிடக் கூடாது. எதை, எப்படி அறிவிக்கிறோம் என்பதைப் பேச வேண்டும். ஒரு கோயிலைத் தனியே விளம்பரம் செய்தால் கூட்டம் அந்த வாசலில் குவியும். கோயில், ஏரி, ஆற்றுத்துறை, பறவை என்ற தொடரைச் சொல்லிக் கொடுத்தால் கூட்டம் பரவும், காவலும் பரவும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. வைகுந்தப் பெருமாள் கோயிலின் விளக்கப் பலகையில் தேர்தல் முறையோடு ஏரி வாரியத்தின் பணியையும், ஊரின் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது, அதன் நீர் எங்கே போகிறது என்பதையும் எழுதலாம். திருமுக்கூடலில் ஆதுலர் சாலைக் கல்வெட்டின் செய்தியை இன்றைய தமிழில் வைக்கலாம். ஒவ்வொரு ஏரியின் வரத்துக்கால், கலங்கல், ஆயக்கட்டு ஆகியவற்றின் வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி, கிராம சபையில் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கலாம். கணக்குக் காட்டாதவர் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று எழுதிய ஊரின் மரபுக்கு அது பொருத்தமான தொடர்ச்சியாக இருக்கும். பயணிகளை அழைத்துச் செல்லும் வேலை அந்தந்த ஊர் இளைஞர்களுக்குக் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வட்டாரத்தில் வரும் எந்தத் திட்டமும், அது சாலையோ குவாரியோ விடுதியோ சுற்றுலாப் பூங்காவோ, ஏரிக்கு வரும் நீரைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். குறைக்கும் திட்டம், கோயில் கல்லை ஒரு விரலும் தொடாவிட்டாலும், அந்தக் கோயிலுக்கு எதிரானது. உத்திரமேரூரின் பெருமை நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. அந்தப் பெருமைக்கு நாம் உண்மையாக இருக்கிறோமா என்பதற்கான விடையை அடுத்த மழைக்காலத்துக்கு முன் வரத்துக்கால்களைச் சீர்செய்வதில்தான் காட்ட முடியும்.